மாணவரின் உடம்பே மாதிரியாகும் வகுப்பு: உயிர்மருத்துவ அறிவியல் கற்பிக்கப் போகிறவர்களுக்கு

பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் கற்பிக்கத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் உடலியல், இரத்தவியல் செய்முறை வகுப்புகளை முதல் முறையாகக் கையில் எடுப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். விரிவுரையை எப்படி அமைப்பது, வினாத்தாளை எப்படித் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவதில் நேரத்தை எப்படி மிச்சப்படுத்துவது என்பதையெல்லாம் சொல்லித் தர எனக்கு ஆள் இருந்தது. மாணவர் தன் விரல் நுனியைக் குத்தி, தன் இரத்தத்தைத் தானே சோதிக்கும் வகுப்பில் என்ன நடக்கக்கூடும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அது தெரியாமல் போனதால் ஒரு செமஸ்டர் முழுவதும் எனக்கு நிம்மதி இல்லை. அடுத்து வந்த விடுமுறை, கையேட்டைத் திரும்ப எழுதுவதில் போனது. பாதியில் நின்ற ஆய்வுக் கட்டுரை ஒன்றை வேறொரு குழு முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டது. ஆனால் ஒரு மாணவிக்கும் அவள் குடும்பத்துக்கும் நேர்ந்ததோடு ஒப்பிட்டால் இதெல்லாம் பெரிய இழப்பே இல்லை. அவளை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் படித்தது செல் உயிரியல். வேலைக்குச் சேர்ந்தபோது, ஓய்வு பெற்றுப் போன ஒரு பேராசிரியரின் செய்முறை வகுப்புகள் எனக்கு வந்தன. கூடவே பல வருடங்களாகப் படியெடுத்துப் படியெடுத்து எழுத்து மங்கிப்போன ஒரு கையேடும் வந்தது. அதில் இருந்தவை எல்லாம் நாம் அனைவரும் மாணவப் பருவத்தில் செய்தவைதான்: சொந்த இரத்தத்தின் வகை கண்டறிதல், ஹீமோகுளோபின் அளவிடுதல், சோதனைக் குச்சியால் சிறுநீர் பரிசோதனை, இசிஜி பதிவு, இஷிஹாரா அட்டைகளால் நிறப் பார்வைச் சோதனை, கன்னத்தின் உட்புறத்திலிருந்து செல்களை எடுத்து, பெண்களின் செல் கருவில் சிறு புள்ளியாகத் தெரியும் 'பார் உடலம்' பார்த்தல். இவை ஏன் இத்தனை காலம் நிலைத்தன என்பது எனக்குப் புரிகிறது. செலவு குறைவு. மாதிரிக்கு எங்கேயும் அலைய வேண்டாம், அது நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதோடு, சொந்த இரத்தம் ஸ்லைடில் திரளுவதைப் பார்க்கும்போது மாணவர்களின் முகத்தில் வரும் ஆர்வம் வேறு எந்த வகுப்பிலும் வராது. இந்த அறிவியல் பிறந்த விதமும் அப்படித்தான். கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901-ல் ஏபிஓ இரத்த வகைகளை விளக்கியபோது சோதித்தது தன் இரத்தத்தையும் தன் ஆய்வகத்தில் வேலை செய்தவர்களின் இரத்தத்தையும்தான். அந்தக் கதையைச் சொல்லித்தான் நான் வகுப்பையே தொடங்கினேன்.

கையேட்டில் இரத்த வகைச் சோதனைக்குப் பிறகு ஒரு அட்டவணை இருந்தது. மாணவரின் வகை, தந்தையின் வகை, தாயின் வகை, 'மரபுவழிப்படி சாத்தியமா?' என்று நான்கு கட்டங்கள். பெற்றோரின் வகையை முன்கூட்டியே கேட்டு வரச் சொல்ல வேண்டும், பிறகு எல்லாருடைய விவரத்தையும் பலகையில் எழுதி வகுப்பு முழுவதும் சேர்ந்து விவாதிக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. மரபியலையும் இரத்தவியலையும் ஒரே மணி நேரத்தில் இணைக்கும் நல்ல பயிற்சி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆன்டி-ஏ, ஆன்டி-பி என்ற சோதனைத் திரவங்களில் (ஆன்டிசீரம்) எதனோடு கலந்தபோதும் அந்த மாணவியின் ஸ்லைடில் இரத்தம் திரளவில்லை, ஆகவே ஓ வகை. அவள் எழுதி வந்திருந்த விவரப்படி தந்தை ஏபி, தாய் பி. ஏபி வகைத் தந்தை ஏ அல்லது பி மரபணுவில் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும், அதனால் பிள்ளை ஓ வகையாக இருக்க வழியில்லை. இதை நான் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பையன், பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்ட பையன், பலகையைப் பார்த்துவிட்டு, "இது வராதே மேடம்" என்று சத்தமாகச் சொன்னான். பாடத்தைத்தான் சொன்னான், அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்த வரி யாருடையது என்று வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு வாய் வரண்டுவிட்டது. ஸ்லைடு முறை உறுதியான சோதனை இல்லை, பெற்றோரின் பழைய அட்டையில் தவறு இருக்கலாம், அபூர்வமான விதிவிலக்குகளும் உண்டு என்று அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒருவர் பதறிப்போயிருக்கும்போது விதிவிலக்குகளை அடுக்கினால், நாம் எதையோ மூடி மறைக்கிறோம் என்றுதான் அவர் காதில் விழும். அவள் அமைதியாகப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று இரவு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி நேராகவே கேட்டிருக்கிறாள். பிறகு அங்கே என்ன நடந்தது என்பதில் எனக்குத் தெரிந்ததையும் இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. வாரக்கணக்கில் அவள் வகுப்புக்கு வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு உண்மையான தனிமை அதற்குப் பிறகுதான். துறைத்தலைவரிடம் போனேன். இது பல வருடங்களாக நடக்கும் வகுப்பு, இதுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். இது ஆராய்ச்சி இல்லை, கற்பித்தல், எனவே எங்கள் வரம்புக்குள் வராது என்று பதில் வந்தது. மாணவர் நல மையத்தில், மாணவி தானாக வந்தால் பேசுவோம் என்றார்கள். ஒவ்வொருவர் சொன்னதும் விதிப்படி சரிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அதே விரலை, அதே ஊசியால், ஒரு ஆய்வுக்காகக் குத்தியிருந்தால் எழுத்துப்பூர்வமான சம்மதம் கேட்டிருப்பார்கள், எதிர்பாராத முடிவு வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி வாங்கியிருப்பார்கள், மதிப்பெண் போடும் ஆசிரியரே சம்மதம் கேட்கக் கூடாது என்றும் சொல்லியிருப்பார்கள். 1964-ல் ஹெல்சிங்கி பிரகடனம் வந்ததிலிருந்து மனிதர்கள் மீதான ஆராய்ச்சிக்குக் கட்டுப்பாடுகள் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன. பாடம் என்று பெயர் மாறியதும் அதில் ஒன்றுகூட நம் ஆய்வகத்துக்குள் வருவதில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இடைவெளியைத்தான். உங்கள் பல்கலைக்கழகத்தில் இதற்கு யார் பொறுப்பு என்று வகுப்பு தொடங்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பொறுப்பில்லை என்பதுதான் பதில் என்றாலும், அதுவும் எழுத்தில் இருப்பது நல்லது. பிறகு மாற்றம் கேட்டுப் பேசும்போது அந்தக் கடிதம்தான் எனக்குக் கைகொடுத்தது.

கடைசியில் ஒரு இரத்த வங்கியில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். அவள் பி வகை. வீட்டில் சொன்னது எல்லாம் சரி, எங்கள் ஆய்வகத்தின் முடிவுதான் தவறு. அவள் மேசைக்குக் கொடுத்த ஆன்டி-பி குப்பி வீரியம் இழந்திருந்தது. குளிர்பதனப் பெட்டி இடையில் பழுதாகி, சரக்கறையில் கிடந்து, திரும்பி வந்த குப்பி அது. அந்த மேசையில் இருந்த மற்றவர்கள் ஏ அல்லது ஓ வகையாக இருந்ததால் குறை வெளியில் தெரியவே இல்லை. ஓ வகை என்பது 'எதுவும் நடக்கவில்லை' என்பதை வைத்துச் சொல்லும் முடிவு. செத்துப்போன வேதிப்பொருளும் அதே 'எதுவும் நடக்கவில்லை' என்பதைத்தான் காட்டும். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் போதவில்லை.

அதனால் இரத்த வகைச் சோதனை நடத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஆன்டிசீரம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வகுப்பன்று காலை ஒவ்வொரு குப்பியையும் வகை தெரிந்த ஏ, பி, ஓ செல்களோடு சேர்த்துப் பார்த்த பிறகே மேசைக்கு அனுப்புங்கள். ஒரு பெட்டிக்கு ஒரு குப்பி என்று மாதிரிக்குப் பார்ப்பது போதாது. ஆன்டி-ஏ நீலம், ஆன்டி-பி மஞ்சள் என்று நிறம் சரியாகத் தெரிவதால் குப்பி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அந்த நிறம் அடையாளத்துக்காகச் சேர்த்த சாயம். ஒரு குப்பியின் சொட்டுக்குழாயை இன்னொன்றில் விட்டாலும் முடிவு மாறிவிடும். ஸ்லைடை இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும், ஓரம் காய்ந்தால் அதுவும் திரட்சி போலவே தோன்றும். ஆர்எச் வகையில் 'டி' ஆன்டிஜென் பலவீனமாக இருப்பவர்கள் ஸ்லைடில் நெகட்டிவ் போலத் தெரியலாம், அதைப் பார்த்துவிட்டு எதிர்காலக் கர்ப்பத்தை நினைத்துக் கவலைப்பட்ட மாணவியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்த வங்கியில் யாரும் சிவப்பணுவை மட்டும் பார்த்து வகையைச் சொல்லிவிட மாட்டார்கள். பிளாஸ்மாவை எடுத்து, வகை தெரிந்த ஏ, பி செல்களோடு சேர்த்து, எதிர்ப்பக்கத்திலிருந்தும் உறுதி செய்வார்கள். உண்மையான ஓ வகையின் பிளாஸ்மாவில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி எதிர்ப்பொருள்கள் இரண்டும் இருக்கும். அந்த இரண்டாவது பாதி இல்லாத சோதனையின் முடிவை ஒரு மனிதரின் இரத்த வகை என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை என்பதை மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லுங்கள். பாடமாகவும் அதுதான் முக்கியமானது.

முடிவு தவறு என்று தெரிந்ததும் துறையில் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிட்டது. ஆன்டிசீரத்தை மாற்றிவிட்டால் போதும் என்றார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. குப்பி நன்றாக இருந்து, சோதனை துல்லியமாக நடந்து, அதே முடிவு வந்திருந்தால்? தத்தெடுக்கப்பட்டது தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். தானம் பெற்ற விந்தணு, கருமுட்டை வழியாகப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவருக்கு இரத்த வகையே மாறிப்போகலாம். மரபியலே விதிவிலக்கு வைத்திருக்கிறது. ஏ, பி இரண்டு பண்புகளும் ஒரே குரோமோசோமில் சேர்ந்தே கடத்தப்படும் சிஸ்-ஏபி என்ற அபூர்வ நிலையில், ஏபி பெற்றோருக்கு ஓ பிள்ளை பிறக்கலாம். 1952-ல் பெண்டேயும் சக ஆய்வாளர்களும் விவரித்த பாம்பே வகையில், ஏ, பி இரண்டுக்கும் அடிப்படையான எச் ஆன்டிஜென் இல்லாததால், ஏ அல்லது பி மரபணு வைத்திருப்பவரும் ஓ போலவே தோன்றுவார், அவருடைய பிள்ளை ஏ அல்லது பி வகையாகப் பிறக்கலாம். இவ்வளவு சிக்கலான விஷயத்தை நான்கு கட்ட அட்டவணையில் போட்டு, சாத்தியமா இல்லையா என்று இருபது வயதுப் பிள்ளைகளைக் கேட்பதே தவறு என்று நான் நினைக்கிறேன். இப்போது என் வகுப்பில் யாரும் பெற்றோரின் வகையைக் கேட்டு வருவதில்லை. நானே எழுதிய கற்பனைக் குடும்பங்களைக் கொடுக்கிறேன். அதில் ஒரு பாம்பே வகைத் தாத்தா இருப்பார், ஒரு சிஸ்-ஏபி அத்தை இருப்பார், ஒரு வீட்டில் ஆய்வகப் பிழையும் இருக்கும். மாணவர்கள் எந்தக் குடும்பத்தில் எது காரணம் என்று தேடுகிறார்கள். சொந்தக் குடும்பத்தை வைத்துச் செய்ததைவிட இதில் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைத் தேர்வுத் தாள்களில் பார்க்கிறேன்.

இரத்தத்துக்கு மாற்று என்ன என்று கேட்பீர்கள். கற்பித்தலுக்கென்றே விற்கும் செயற்கை இரத்தம் இருக்கிறது. பார்க்க உயிரில்லாமல் இருக்கும், மாணவர்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நான் விரும்புவது, காலாவதியான இரத்த அலகுகளை முறையாக அனுமதி பெற்று இரத்த வங்கியிலிருந்து வாங்குவதை. அவை எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்கு ஏற்கெனவே சோதிக்கப்பட்டவை, யாருடையவை என்று நமக்குத் தெரியாது. இருந்தாலும் தொற்றுள்ள இரத்தத்தைக் கையாளும் அதே கவனத்தோடுதான் கையாள வேண்டும். விரல் குத்தும் முறையைத் தொடர்ந்தே ஆக வேண்டிய துறை என்றால், ஒருமுறை குத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஊசிகளை மட்டும் வாங்குங்கள். ஊசியை மாற்றிவிட்டு எல்லாரும் விரல் குத்தும் ஒரே பேனாவைப் பயன்படுத்துவது ஆபத்து. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும். இரத்தத்தைக் கண்டு மயங்கி விழுபவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அது கோழைத்தனம் அல்ல, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் திடீரென்று குறைவதால் வருவது. உயரமான முக்காலியில் உட்கார வைக்காதீர்கள், மயக்கம் வருகிறது என்றால் உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள்.

அடுத்த வருடம் இசிஜி வகுப்பில் வேறொன்று நடந்தது. ஒரு மாணவரின் பதிவில் பி-ஆர் இடைவெளி (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போகும் நேரம்) 0.12 விநாடிக்கும் குறைவு, கியூஆர்எஸ் என்ற பெரிய அலை தொடங்கும் இடத்தில் சாய்வான ஒரு மேடு. வுல்ஃப்-பார்க்கின்சன்-ஒயிட் என்ற இதயத் துடிப்புக் கோளாறுக்குப் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் படம் அப்படியே திரையில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை எனக்குக் கை நடுங்கவில்லை, ஏனென்றால் அதற்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். பதிவு எடுப்பது ஒரு மறைப்புத் துணிக்குப் பின்னால். திரையில் பெயர் வராது. வகுப்பு முழுவதும் ஆராய்வது நான் முன்பே சேர்த்து வைத்த பெயரில்லாப் பதிவுகளை. விடுமுறையில் ஒரு இதய மருத்துவரிடம் பேசி, இப்படி ஏதாவது தென்பட்டால் மாணவரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தக் கருவி பாடத்துக்கானது, நோயைக் கண்டறிய இதை நம்ப முடியாது, ஆனால் மருத்துவமனையில் ஒரு முறை சரியான கருவியில் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது" என்று சொல்லிக் கடிதம் கொடுத்தேன். அவருக்கு அவ்வப்போது நெஞ்சு படபடத்திருக்கிறது, தேர்வு பயம் என்று விட்டிருக்கிறார். இப்போது சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார். முடிவு உண்மையானது, பெரியது, ஆனாலும் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. முந்தைய வருடத்து வகுப்பும் இப்படி நடந்திருக்கலாமே என்று அன்று மாலை நினைத்து அழுதுவிட்டேன்.

இசிஜி வகுப்பு நடத்துபவர்களுக்கு இன்னொன்று. பயமுறுத்தும் பதிவுகளில் பெரும்பாலானவை நோயே இல்லை. இரண்டு கைகளின் கம்பிகளும் இடம் மாறினால் முதல் லீடு முழுவதும் தலைகீழாக வரும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாவதும் விடும்போது மெதுவாவதும் இளம் வயதில் இயல்பு, சில மாணவர்கள் அதைப் பார்த்தே பயந்துவிடுவார்கள். வகுப்பைத் தொடங்கும் முன் இந்த இரண்டையும் காட்டிவிடுங்கள்.

மற்ற வகுப்புகளையும் இதே கண்ணோடு பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது பார் உடலச் சோதனைதான். 1949-ல் மரே பாரும் பெர்ட்ராமும் கண்டறிந்த அந்தச் சிறு புள்ளி, செயலிழந்த எக்ஸ் குரோமோசோம். எக்ஸ்எக்ஸ் என்றால் ஒன்று இருக்கும், எக்ஸ்ஒய் என்றால் இருக்காது. ஆனால் டர்னர் நிலையில் (ஒரே ஒரு எக்ஸ்) உள்ள பெண்ணுக்கு அது இருக்காது, கிளைன்ஃபெல்டர் நிலையில் (எக்ஸ்எக்ஸ்ஒய்) உள்ள ஆணுக்கு இருக்கும். ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனை உடல் ஏற்காத நிலையில், பெண்ணாகவே பிறந்து வளர்ந்து வாழும் ஒருவருக்கு எக்ஸ்ஒய் குரோமோசோம்கள் இருக்கும். இதையெல்லாம் ஒரு பெண் தன் தோழிகளுக்கு நடுவே நுண்ணோக்கியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா? 1968 ஒலிம்பிக்கில் வீராங்கனைகளுக்கு இந்த வகைச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள், எத்தனையோ பேரின் வாழ்க்கையைக் குலைத்த பிறகு 1999-ல் ஒலிம்பிக் குழு பொதுவான பாலினச் சோதனையையே கைவிட்டது. விளையாட்டு உலகம் விட்டுவிட்ட இந்தப் பார் உடலச் சோதனையை நம் முதலாம் ஆண்டு ஆய்வகம் பிடித்துக்கொண்டிருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. நிரந்தர ஸ்லைடுகள் வாங்கலாம், வளர்ப்புச் செல்களில் பார்க்கலாம். இந்த ஒன்றில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

சிறுநீர்ச் சோதனையில் குளுகோஸ் தென்பட்டால் நீரிழிவாக இருக்கலாம், இரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தும் சிறுநீரகம் குளுகோஸை விட்டுவிடும் பரம்பரை நிலையாகவும் இருக்கலாம். புரதம் தெரிந்தால் முந்தின நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்ததாகவும் இருக்கலாம். நான் இப்போது செயற்கைச் சிறுநீர் தயாரித்துக் கொடுக்கிறேன். உப்பு, யூரியா, கொஞ்சம் குளுகோஸ், ஆல்புமின், மஞ்சள் சாயம், அவ்வளவுதான், ஆய்வக உதவியாளர் ஒரு மணி நேரத்தில் தயாரித்துவிடுவார். மூக்கிலிருந்து மாதிரி எடுத்து வளர்க்கும் வகுப்பும் அப்படித்தான். பத்தில் சுமார் மூன்று பேருக்கு மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இருக்கும், அதில் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அசையாத வகை வந்துவிட்டால் அந்த மாணவர் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகலாமா என்ற கேள்வி கிளம்பும்.

நிறப் பார்வைச் சோதனையை நான் நிறுத்தவில்லை. எல்லார் முன்னாலும் எண்களை உரக்கப் படிக்கச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு 8 பேர் வரை சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர்கள், மற்ற மக்களிடையே சற்றுக் குறைவு. அப்படியென்றால் ஆண்கள் நிறைந்த எந்தப் பெரிய வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். அவர் பாக்டீரியாவை வகைப்படுத்தும் கிராம் சாயமிடலில் ஊதாவையும் இளஞ்சிவப்பையும் பிரித்துப் பார்க்க முடியாமல் தடுமாறுவதை, கவனக்குறைவு என்று நினைத்து மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே இருப்போம். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் இரண்டு வருடம் அப்படித் திட்டு வாங்கியவர். இப்போது நான் 'சிவப்பாக இருப்பதைப் பாருங்கள்' என்று சொல்வதில்லை. கொத்தாக இருக்கிறதா, சங்கிலியாக இருக்கிறதா, கோலா, உருண்டையா, கரு எத்தனை மடல் என்று வடிவத்தைச் சொல்கிறேன், சாயத்தின் அடர்த்தியைச் சொல்கிறேன். அதனால் எல்லா மாணவர்களுமே நுண்ணோக்கியில் கூர்ந்து பார்க்கப் பழகிவிட்டார்கள்.

துறையை மாற்றுவதுதான் கடினமான வேலை, அதற்குத்தான் விடுமுறை முழுவதும் போனது. "நாங்களும் இப்படித்தானே படித்தோம்" என்ற பதில் எல்லாப் பக்கமிருந்தும் வரும். அதோடு வாதாடிப் பயனில்லை. நான் செய்தது, ஒவ்வொரு செய்முறைக்கும் ஒரு வரி வீதம் ஒரு தாள் எழுதியது: மாணவரின் உடம்பிலிருந்து என்ன எடுக்கிறோம், அதில் எதிர்பாராமல் என்னென்ன தெரியவரலாம், தெரியவந்தால் யாரிடம் போவது, அதே பாடத்தை வேறெப்படி நடத்தலாம். அதைக் கூட்டத்தில் வைத்து, மூன்றாவது கட்டத்தை நிரப்பித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். பல வருட அனுபவம் உள்ளவர்களாலும் அதை நிரப்ப முடியவில்லை. சில வகுப்புகள் அன்றே மாறின, சில இன்னும் மாறவில்லை. நிதி கேட்கும்போது செயற்கை மாதிரிக்கான செலவை மட்டும் காட்டாதீர்கள். ஊசி, கழிவு அகற்றல், தடுப்பூசி, ஊசி குத்து விபத்துக்கான ஏற்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பக்கத்தில் எழுதுங்கள். சொந்த இரத்தம் இலவசம் இல்லை என்பது அப்போதுதான் கணக்குப் பிரிவுக்குப் புரியும்.

சம்மதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'விருப்பமில்லாதவர்கள் செய்ய வேண்டாம்' என்று வகுப்பில் அறிவிப்பதற்குச் சம்மதம் என்று பெயரில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மதிப்பெண் போடப்போகிறவரிடம், வேண்டாம் என்று சொல்ல எந்த மாணவருக்கும் தைரியம் வராது. சொன்னாலும், ஏன் என்று பக்கத்து மேசை கேட்கும். செமஸ்டர் தொடங்கும்போதே தாளைக் கொடுத்து, வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் திருப்பித் தரச் சொல்லுங்கள். மறுத்தவர், சம்மதித்தவர் இருவரும் வகுப்பில் ஒரே மேசையில் ஒரே தோற்றமுள்ள மாதிரிகளோடு வேலை செய்யும்படி ஏற்பாடு செய்யுங்கள். அப்போது யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கை அனிச்சைச் செயல், எதிர்வினை நேரம், தசைச் சோர்வு போன்றவற்றை மாணவர்கள் தங்கள் உடம்பிலேயே செய்யட்டும். உடலியலைத் தன் உடம்பில் உணர்ந்து படிக்கும் மகிழ்ச்சியைப் பிள்ளைகளிடமிருந்து முழுவதுமாகப் பிடுங்கிவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் ஏதாவது தென்படத்தான் போகிறது. அன்று என்ன செய்வது என்பதை என் உதவி ஆசிரியர்களுக்கு இப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன். சத்தமாக எதுவும் சொல்லாதீர்கள், பக்கத்து மேசையைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். முகத்தில் ஆச்சரியம் தெரியக் கூடாது, அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள். வகுப்பு முடிந்து தனியாகப் பேசும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். நம் கருவியால் இதை உறுதி செய்ய முடியாது என்று சொல்லுங்கள், எங்கே உறுதி செய்யலாம் என்ற முகவரியைக் கையில் கொடுங்கள், கூட வர வேண்டுமா என்று கேளுங்கள். முடிவு என்ன ஆயிற்று என்று பிறகு விசாரிக்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய தாளையும் கணினியில் உள்ள பதிவையும் அன்றே அழித்துவிடுங்கள். அந்தக் குப்பியை, அந்தக் கருவியை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். தனியாக எடுத்து, தேதி எழுதி, பூட்டி வையுங்கள், ஏனென்றால் தவறு அதில் இருக்கலாம்.